‘வண்டி நிற்கிறது’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: ஆறு டிரெய்லர் (திருவொற்றியூர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சித்தப்பாவிடம் ஆறு டிரெய்லர்கள் இருக்கின்றன. சரக்குக் கன்டெய்னரைத் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பதும், காலிக் கன்டெய்னரை மணலிப் பக்கத்து யார்டுகளில் இறக்குவதும்தான் தொழில். அலுவலகம் என்று சொல்லிக்கொள்வது டோல்கேட் பக்கத்தில் ஒரு மாடி அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான். தமிழ் வழியில் பி.காம். படித்தவள். டிரைவர்களோடு தமிழில் பேசுகிறேன், தேவைப்பட்டால் தெலுங்கிலும் சமாளிப்பேன். பில்லும் மின்னஞ்சலும் மட்டும் ஆங்கிலம். அங்கேதான் வண்டி நிற்கிறது.

மழைக் காலத்தில் ஒரு நாள். ஏற்றுமதிச் சரக்கோடு போன எங்கள் வண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் மாட்டிக்கொண்டது. முன்னால் யாருடைய டிரெய்லரோ அச்சு முறிந்து குறுக்கே படுத்துவிட்டது. சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். இரவு எட்டு மணிக்கு வரிசையில் சேர்ந்த வண்டி மறுநாள் மதியம் மூன்று மணிக்குத்தான் துறைமுக வாசலைத் தொட்டது. மொத்தம் 19 மணி நேரம்.

டிரைவர் அண்ணன் போனில் சொன்னது ஒரே வாக்கியம்: “வண்டி நிற்கிறதும்மா.” சரக்கு அனுப்பும் ஏஜென்டுக்கு நான் அதை அப்படியே ஆங்கிலமாக்கினேன்: ‘டிரெய்லர் ஸ்டாப்டு நியர் காசிமேடு.’ பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘உங்கள் டிரைவர் ஏன் நிறுத்தினார்? உடனே கிளம்பச் சொல்லுங்கள்.’ அண்ணன் என்னவோ மீன் வறுவல் சாப்பிட ஓரங்கட்டியது போல!

சித்தப்பா எட்டிப் பார்த்து, ‘டிடெய்ன்டு’ என்று போடச் சொன்னார். போட்டேன். இந்தத் தடவை மின்னஞ்சல் வரவில்லை, போனே வந்தது. “யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? கஸ்டம்ஸா, போலீஸா? சரக்கில் ஏதாவது பிரச்சினையா?” ஏற்றுமதிக்காரர் வீட்டில் யாரும் அன்று இரவு தூங்கியிருக்க மாட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த ‘ஹெல்ட் அப்’ என்று எழுதினேன். அதற்கு வெளிநாட்டிலிருந்து ஒருவர், டிரைவர் நலமாக இருக்கிறாரா என்று கேட்டிருந்தார். அக்கறைக்கு நன்றி சொல்லிவிட்டேன். ஏன் கேட்டார் என்று இன்றுவரை புரியவில்லை.

கடைசியில் பில். ‘ஹால்டிங் சார்ஜஸ், 19 மணி நேரம்’ என்று ஒரு வரி. அது திரும்பி வந்துவிட்டது. முதல் மின்னஞ்சலில் ‘ஸ்டாப்டு’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உங்கள் டிரைவர் தானாக நிறுத்தியதற்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும் என்கிறார்கள்.

சித்தப்பாவைக் கேட்டால், “எல்லாம் ஒன்றுதான், வண்டி ஓடவில்லை என்பதுதானே அர்த்தம்” என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்டாப், ஹால்ட், வெயிட், ஹோல்ட், டிடெய்ன், சஸ்பெண்ட், பாஸ் (தேர்வில் வாங்குவது அல்ல, டேப் ரெக்கார்டரில் இரண்டு கோடு போட்டிருக்குமே, அது). இதில் எதை எங்கே போடுவது? அகராதியைப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் ‘நிறுத்து’ என்றே போட்டிருக்கிறது.

பதில்: பழைய கார்டு (ராயபுரம்)

அம்மா, நான் சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். 2022 முதல் அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். எனக்குப் பழைய பெயரே பிடித்திருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் கிளம்பியது எங்கள் ராயபுரத்திலிருந்துதான். கிளம்பின நாளிலிருந்து ரயில்காரனுக்கு ஓடுவதைவிட நிற்பதில்தான் எழுத்து வேலை அதிகம் என்று நினைக்கிறேன்.

நாங்கள் நிற்பதற்கு ஒரே சொல்லை வைத்துக்கொள்ளவில்லை. ஒரு ரயில் ஒரு ஊரில் அட்டவணைப்படி நின்றால் ஸ்டாப்பேஜ். “எங்கள் ஊருக்கு ஸ்டாப்பேஜ் வேண்டும்” என்று மனு கொடுப்பார்களே, அது. இதை வெள்ளைக்காரரிடம் சொன்னால் வேலைநிறுத்தம் என்றோ, குழாய் அடைப்பு என்றோ எடுத்துக்கொள்வார். ஹால்ட் என்றால் சிக்னல், ஸ்டேஷன் மாஸ்டர் எதுவும் இல்லாத சின்ன நிலையம், கமிஷனுக்கு ஒருவர் டிக்கெட் விற்பார். பஸ்காரர்கள் சொல்லும் நைட் ஹால்ட் வேறு. அது கடைசி ஊரில் இரவு தங்கிவிட்டு விடிகாலையில் திரும்பும் வண்டி.

நிற்கக் கூடாத இடத்தில் நின்றால் அது டிடென்ஷன். நிலையத்துக்கு வெளியே அவுட்டரில் பத்து நிமிடம் நின்றாலும் எழுத வேண்டும். எத்தனை நிமிடம் என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்ன காரணம், யார் கணக்கு? சிக்னல்காரர் கணக்கா, என்ஜின்காரர் கணக்கா, குறுக்கே வந்த மாட்டின் கணக்கா? மாட்டின் கணக்கில் நான் எழுதியது ஏராளம். மாடு மறுப்பு எழுதாது.

உங்கள் கடிதத்தில் இல்லாதது அதுதான். வண்டி நின்றது என்று சொன்னீர்கள். யார் கணக்கில் நின்றது என்று சொல்லவில்லை. எதிராளி உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்.

பதில்: வண்ணை டீச்சர் (பழைய வண்ணாரப்பேட்டை)

கார்டு ஐயா வேரைப் பிடித்துவிட்டார். இலக்கணத்தை நான் சொல்கிறேன்.

தமிழில் நில் வேறு, நிறுத்து வேறு. வண்டி நின்றது, டிரைவர் நிறுத்தினார். ஒன்று தானாக நடப்பது, மற்றது ஒருவர் செய்வது. ஆங்கில ஸ்டாப் இரண்டு வேலையையும் ஒரே உடுப்பில் செய்கிறது. ‘டிரெய்லர் ஸ்டாப்டு’ என்றால் வண்டி ஓடிக்கொண்டே வந்து, அந்த இடத்தில், அந்த நொடியில் நின்றது என்று பொருள். அதற்குப் பிறகு 19 மணி நேரம் நின்றுகொண்டே இருந்தது என்பது அந்தச் சொல்லில் இல்லவே இல்லை. வண்டிக்குத் தனியாக மூளை கிடையாது, ஆகவே படிப்பவர் மனதில் டிரைவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். ‘வாஸ் ஸ்டாப்டு’ என்று எழுதியிருந்தால் போலீஸ்காரர் வந்து உட்கார்ந்திருப்பார்.

என் வகுப்பில் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுவேன்: ‘ஹி ஸ்டாப்டு ஈட்டிங்’, ‘ஹி ஸ்டாப்டு டு ஈட்.’ முதலாமவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். இரண்டாமவர் சாப்பிடுவதற்காக நின்றார். ஒரு மாணவி எழுந்து, “இரண்டாமவர்தான் எங்கள் அப்பா, டீச்சர், முதலாமவர் பாட்டி” என்றாள். அவள் பாட்டிக்கு உடம்பு சரியில்லாத நேரம். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆனால் அந்த வகுப்பில் யாரும் பிறகு அதைத் தப்பாக எழுதவில்லை.

உங்களுக்கு வேண்டிய சொல் வெயிட். அதையும் ‘ஈஸ் வெயிட்டிங் சின்ஸ் எய்ட் பி.எம்.’ என்று எழுதிவிடாதீர்கள். நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் எழுதுகிறோம், ‘எட்டு மணியிலிருந்து காத்திருக்கிறது’ என்ற தமிழ் வாக்கியம் அடியில் இருப்பதால். நேற்றுத் தொடங்கி இன்னும் முடியாத செயலுக்கு ‘ஹேஸ் பீன் வெயிட்டிங்’ என்று வர வேண்டும். நேரத்தைச் சொன்னால் சின்ஸ், எத்தனை மணி நேரம் என்றால் ஃபார்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. வெயிட் என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதற்குப் பொருள் கண்காணித்தல், காவல் இருத்தல். கைக்கடிகாரத்துக்குச் சொல்கிறோமே வாட்ச், அதற்கு உறவு. நம் சொல்லைப் பாருங்கள்: காத்திரு. காத்து, இரு. கா என்பதுதானே காவலுக்கும் வேர்! ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு மொழிகளும் காத்திருப்பவனைக் காவல்காரனாகவே கண்டிருக்கின்றன.

ஸ்டாப்பின் பூர்வீகம் வேறு. லத்தீனில் சணல் நார்க் கழிவுக்கு ஸ்டுப்பா என்று பெயர். ஓட்டையில் நாரைத் திணித்து அடைப்பதுதான் பழைய ஸ்டாப். காசிமேட்டில் மரப் படகைக் கரையேற்றி, பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் தட்டித் தட்டி இறக்குவார்களே, அந்த வேலை. பாட்டில் மூடியை ஸ்டாப்பர் என்பது அந்த மிச்சம்தான். ஹால்ட் ஜெர்மானியச் சொல், ஹோல்டுக்குப் பங்காளி. படைக்குக் கட்டளையிட வந்த சொல் என்பதால் இன்றும் அதில் விறைப்பு இருக்கிறது. மாணவர் அணிவகுப்பில் ‘ஹால்ட்’ என்பார்கள், ‘ஸ்டாப்’ என்று யாரும் கத்துவதில்லை.

அதனால்தான் ‘ஹால்டிங் சார்ஜஸ்’ எனக்குச் சிரிப்பைத் தருகிறது. ஆங்கிலேயர் காதுக்கு ஹால்டிங் என்றால் தட்டித் தடுமாறிப் பேசுவது. திக்குவாய்க்குக் கட்டணமா என்று யோசித்திருப்பார். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

ஹெல்ட் அப் என்றதும் டிரைவர் நலமா என்று ஏன் கேட்டார் என்கிறீர்கள். துப்பாக்கி காட்டிக் கொள்ளையடிப்பதற்கும் அதே சொல்தான். ‘ஹெல்ட் அப் இன் டிராஃபிக்’ என்று சேர்த்து எழுதினால் பயமில்லை. தனியே விட்டால், அதுவும் இரவு நேரத்தில், பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயரோடு என்றால், பாவம் அவர் என்ன நினைப்பார்!

ஆறு டிரெய்லர்

டீச்சர், உங்கள் பதிலைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொள்ளைக்காரர் பகுதி வந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

ஒரு சந்தேகம். அன்று சாலையில் தண்ணீர். ‘ஸ்ட்ராண்டட்’ என்று எழுதலாமா? செய்தித்தாளில் அப்படிப் போடுகிறார்கள்.

வண்ணை டீச்சர்

தாராளமாக. ஸ்ட்ராண்ட் என்றால் கடற்கரை. கப்பல் தரை தட்டிக் கரையில் மாட்டிக்கொள்வதுதான் முதல் பொருள். ஒரு பக்கம் கடல் இருக்கிற உங்கள் சாலைக்கு அதைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும்? ஆனால் தண்ணீர் வடிந்த பிறகும் வரிசை நகராமல் நின்ற நேரத்துக்கு அது செல்லாது. அதற்கு ‘ஸ்டக்’ போதும். மாட்டிக்கொண்டது. அலுவலகக் கடிதத்துக்குச் சற்று வீட்டுப் பேச்சாகத் தோன்றினாலும் பொய் இல்லாத சொல்.

பதில்: ராஜாஜி சாலை குமாஸ்தா

சுங்க முகவர் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் காகிதம் தள்ளுபவன். டீச்சர் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன்.

ஹால்டிங் சார்ஜை விட்டுவிடச் சொல்லாதீர்கள். லாரித் தொழிலில் நம் நாடு முழுவதும் அதுதான் பெயர். கட்டண ஒப்பந்தத்தில் அந்தச் சொல்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் ஒரு சொல், பில்லில் அதைவிட அழகான வேறொரு சொல் என்றால், பணம் தராமல் இருக்க எதிராளிக்கு நாமே கதவைத் திறந்து விடுகிறோம். தங்கச்சி, உள்ளூர்ப் பில்லில் ஹால்டிங் என்றே போடுங்கள். வெளிநாட்டுக்காரருக்கு நகல் போகிறது என்றால் பக்கத்திலேயே ‘வெயிட்டிங் டைம், டிரக்’ என்று ஒரு வார்த்தை சேருங்கள்.

டிடென்ஷனை மட்டும் தொடாதீர்கள். அங்கே அமெரிக்காவில் லாரி காத்திருந்தாலும் டிடென்ஷன் என்றுதான் பில் போடுகிறார்கள். ஆனால் நம் துறைமுக வட்டாரத்தில் அந்தச் சொல்லைக் கப்பல் கம்பெனிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. இலவச நாட்கள் முடிந்த பிறகும் இறக்குமதிக் கன்டெய்னர் துறைமுகத்துக்குள்ளேயே கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்துப் போய், சரக்கை இறக்கிவிட்டு, காலிப் பெட்டியைக் கெடுவுக்குள் திருப்பித் தராவிட்டால் டிடென்ஷன். நீங்கள் ‘டிடெய்ன்டு’ என்று எழுதியதும் கஸ்டம்ஸா என்று பதறினார்கள் அல்லவா, அடுத்த பதற்றம் பெட்டிக்கு எத்தனை நாள் வாடகை ஏறியிருக்கும் என்பதாக இருந்திருக்கும்.

கார்டு ஐயாவுக்குத் தெரிந்திருக்கும், ரயிலிலும் வேகனைக் கெடு தாண்டி வைத்துக்கொண்டால் டெமரேஜ், சரக்கை எடுக்காமல் நிலையத்தில் போட்டுவைத்தால் வார்ஃபேஜ். கப்பலுக்கும் டெமரேஜ் உண்டு. ஏற்றி இறக்க ஒப்புக்கொண்ட நேரத்துக்கு மேல் போனால், கப்பலை வாடகைக்கு எடுத்தவர் கப்பல்காரருக்குக் கட்டுவது. பழைய பிரெஞ்சில் தங்குவது, தாமதிப்பது என்ற பொருளில் இருந்த சொல்லாம். ஆக, நிற்கிற பொருள் எது, எந்த இடத்தில் என்று பார்த்தால்தான் எந்தச் சொல் என்று தெரியும்: பெட்டியா, வேகனா, லாரியா, கப்பலா?

ஹோல்ட் சுங்கத்துக்காரர்களின் சொல். ‘கஸ்டம்ஸ் ஹோல்ட்’ என்றால் ஆய்வு முடியும்வரை கை வைக்காதே. அதை உங்கள் மின்னஞ்சலில் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். சஸ்பெண்டும் அப்படித்தான். அதிகாரம் உள்ளவர் உத்தரவு போட்டால்தான் அது நடக்கும். பக்கத்தில் உயர் நீதிமன்றம் இருப்பதால் நாங்கள் அன்றாடம் கேட்கிற இன்னொன்று ஸ்டே. ‘ஸ்டே வாங்கிவிட்டார்’ என்றால் வழக்கில் இடைக்காலத் தடை. வெளியூர்க் கட்சிக்காரர் ‘எங்கே ஸ்டே’ என்று கேட்டால் லாட்ஜ்.

உங்களிடம் ஒரு கேள்வி. வரிசையில் சேர்ந்த நேரத்துக்கும் வாசலுக்குள் நுழைந்த நேரத்துக்கும் அத்தாட்சி இருக்கிறதா?

பதில்: வியாசர்பாடி லேத்

அக்கா, நான் டிரெய்லர் தொழில் இல்லை, சி.என்.சி. லேத் (கம்ப்யூட்டர் புரோகிராம்படி இரும்பைக் கடையும் மெஷின்) ஓட்டுகிறேன். எங்கள் பட்டறையில் இந்தச் சொற்களைக் குழப்பினால் பில் திரும்பி வராது, விரல் போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

மெஷின் பலகையில் ‘ஃபீட் ஹோல்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் வெட்டுகிற டூல் நகர்வது அப்படியே நின்றுவிடும். ஆனால் ஜாபை, அதாவது கடைகிற இரும்புத் துண்டை, பிடித்திருக்கும் சக் சுற்றிக்கொண்டே இருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அதை அழுத்திவிட்டு, மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்து, ஜாபில் சுற்றியிருந்த இரும்புச் சுருளை எடுக்கக் கையை நீட்டினான். கையில் வேஸ்ட் பஞ்சு இருந்தது. சக் அதைப் பறித்த வேகத்தில் அவன் பின்னால் விழுந்தான். பஞ்சு மட்டும்தான் போனது. பழைய மெஷின், கதவு திறந்தால் நிற்கிற ஏற்பாட்டை யாரோ எப்போதோ கழற்றி விட்டிருந்தார்கள். மறுநாளே மாட்டினோம்.

அன்றிலிருந்து புதிய பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். ஹோல்ட் என்றால் பிடித்து வைத்திருக்கிறது, நிற்கவில்லை. மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்தே வெட்டும். மரை (திருகுப் புரி) வெட்டும்போது ஹோல்டை அழுத்தினால் அந்த வெட்டு முடிந்த பிறகுதான் கேட்கும், பாதி மரையில் நின்றால் டூலும் போய்விடும் ஜாபும் போய்விடும் என்பதால். புரோகிராமில் எம் 00 எழுதினால் ஸ்டாப், ஆள் வந்து பச்சையை அழுத்தும்வரை அங்கேயே நிற்கும். எமர்ஜென்சி ஸ்டாப் எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிடும், பிறகு ஆரம்பத்திலிருந்து வரவேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது ட்வெல். ஜி 04 என்று எழுதி, அரை விநாடி என்று கொடுப்போம். காடி (ஜாபைச் சுற்றிய பள்ளம்) வெட்டும்போது டூல் அடியைத் தொட்டதும் அங்கேயே அரை விநாடி இருக்கும். ஜாப் சுற்றுகிறது, டூல் நகராது. அந்த நேரத்தில்தான் காடியின் அடி முழு வட்டமாக வழவழப்பாகும். அந்த அரை விநாடியை வெட்டி மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒருவர் எடுத்துவிட்டார், நூறு பீஸ் திரும்பி வந்தது. நிற்பதுதான் அங்கே வேலையே.

ராஜாஜி சாலை குமாஸ்தா

தம்பி, உங்கள் ட்வெல் எங்களிடமும் இருக்கிறது. கன்டெய்னர் துறைமுகத்துக்குள் தங்கும் நேரத்துக்கு ட்வெல் டைம் என்றுதான் பெயர். உங்கள் டூல் தங்கினால் வழவழப்பு வருகிறது, எங்கள் பெட்டி தங்கினால் டெமரேஜ் வருகிறது.

பழைய கார்டு

டீச்சர் வெயிட் பற்றிச் சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. எங்கள் உத்தியோகத்தின் பெயரே கார்டு, காப்பவன். சரக்கு ரயில் ஓடும்போது எனக்கு அதிக வேலை இல்லை. இரண்டு நிலையங்களுக்கு நடுவில், காட்டிலோ உப்பளத்திலோ பழுதாகி நின்றுவிட்டால்தான் வேலை. கொடியையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோடு பின்பக்கம் நடக்க வேண்டும். அகல ரயில் பாதை என்றால் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் மூன்று, பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில். பின்னால் ஏதாவது வந்தால் சக்கரம் ஏறி அது வெடிக்கும், டிரைவர் பிரேக் போடுவார். வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டு பார்த்திருக்க வேண்டும். ஒரு மழை இரவில் மீஞ்சூர் தாண்டி அப்படி நின்றிருக்கிறேன். இரண்டு மணி நேரம். தவளைச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. அன்று நான் ‘ஸ்டாப்’ ஆகவும் இல்லை, ‘ஹால்ட்’ ஆகவும் இல்லை. டீச்சர் சொல்கிற அந்தக் காத்திருத்தல்தான்.

அம்மா, உங்கள் டிரைவரும் அந்த 19 மணி நேரம் தூங்கியிருக்க மாட்டார். வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்தால் உடனே நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வண்டி மூக்கை நுழைக்கும். அது நிற்பது அல்ல. அதற்குத்தான் கூலி கேட்கிறீர்கள். அதை எழுதுங்கள்.

ஆறு டிரெய்லர்

கார்டு ஐயா, டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். அன்று இரவு எத்தனை தடவை வண்டியை நகர்த்தினீர்கள் என்றால், எண்ணவில்லை, ஆனால் மூன்று தடவை டீ குடித்தேன், மூன்று தடவையும் பாதி டம்ளரில் ஓடிவந்து ஏறினேன் என்கிறார். அவர் தூங்கவே இல்லையாம். எனக்கு இது அன்றைக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

நேற்று பில்லைத் திருத்தி அனுப்பினேன். ‘ஹால்டிங் சார்ஜஸ்’ என்ற வரி அப்படியே இருக்கிறது, பக்கத்தில் குமாஸ்தா அண்ணா சொன்ன ‘வெயிட்டிங் டைம், டிரக்’. கீழே விளக்கம்: வண்டி இரவு எட்டு மணிக்குத் துறைமுக வரிசையில் சேர்ந்தது, முன்னால் ஒரு வாகனம் பழுதாகிப் பாதையை அடைத்தது, தண்ணீர் தேங்கியிருந்தது, டிரைவர் முழு நேரமும் வண்டியோடேயே இருந்து வரிசையோடு நகர்த்திவந்தார், மறுநாள் மூன்று மணிக்கு வாசல் அனுமதி கிடைத்தது. ‘ஸ்டாப்’ என்ற சொல் ஒரே இடத்தில்தான் வருகிறது. அதுவும் முன்னால் அச்சு முறிந்த வண்டிக்கு.

இதற்கிடையே இன்னொரு கூத்து. எங்கள் இன்னொரு வண்டிக்குப் போலீஸ் அபராதம் போட்டார்கள். டிரைவர், “நான் பார்க் பண்ணவில்லை ஐயா, சும்மா நிறுத்தினேன்” என்று வாதாடியிருக்கிறார். பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு கோடு குறுக்கே போயிருந்தால் பார்க்கிங் மட்டும்தான் கூடாது. அதில் இருந்தது இரண்டு கோடு, பெருக்கல் குறி போல. அப்படியென்றால் நிறுத்தவே கூடாது. அபராதத்தைக் கட்டிவிட்டோம். முன்பெல்லாம் சித்தப்பா அந்த டிரைவருக்காகச் சண்டைக்குப் போயிருப்பார். இந்தத் தடவை பலகையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பில்லுக்குப் பதில் இன்று காலை வந்தது. இலவச நேரம் எட்டு மணி நேரம் போக மீதி 11 மணி நேரத்துக்குத் தருகிறார்களாம். ஒப்பந்தத்தில் அந்த எட்டு மணி நேரம் நிஜமாகவே இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. அத்தாட்சி மட்டும் கேட்டிருக்கிறார்கள். வாசல் சீட்டு இருக்கிறது. வரிசையில் சேர்ந்த நேரத்துக்கு டிரைவர் அண்ணன் சித்தப்பாவுக்கு அன்று இரவு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு கிடைத்தது: “அண்ணே, எட்டு மணி ஆகிறது, கடைசி வண்டிக்குப் பின்னால் சேர்ந்துவிட்டேன்.” பின்னால் மழைச் சத்தம் நன்றாகக் கேட்கிறது. அதை எழுத்தாக்கி அனுப்பப் போகிறேன்.

இனிமேல் வரிசையில் சேர்ந்ததும், வாசலில் நுழைந்ததும் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று ஆறு டிரைவர்களுக்கும் சொல்லிவிட்டேன். முதல் படம் இப்போதுதான் வந்தது. பாதிக்கு மேல் அண்ணனுடைய கட்டைவிரல்.